மலிவு விலைத் தட்டுக்கு மரியாதை வந்த கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழஞ்சாமான் கடைகளில் எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி, கதவு நிலை இவற்றுக்கு நடுவே இசைத்தட்டுகளும் கிடக்கும். பெரும்பாலும் 78 சுற்று அரக்குத் தட்டுகள். பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன வீடுகளிலிருந்து வரும் கட்டுகளில் எப்போதாவது மேற்கத்திய செவ்வியல் இசையின் எல்.பி.களும், அதாவது நீண்ட நேரம் ஓடும் வினைல் தட்டுகளும், கலந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள்கூட நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. தட்டையும் டாய்ச் கிராமஃபோனின் மஞ்சள் லேபிளையும் எடுத்து வைத்துக்கொண்டு வாக்ஸ், டர்னபவுட், நன்சச், சுப்ரஃபோன் என்றிருப்பவற்றைத் தள்ளிவிடுவார்கள். வந்த காலத்திலேயே பாதி விலைக்கு விற்றவை அவை என்பதுதான் காரணம். ஆனால் தள்ளிவிட்ட அந்தக் கட்டில்தான் பியானோ கலைஞர் ஆல்ஃபிரட் பிரெண்டல் இளம் வயதில் வாசித்த பீத்தோவன் இருக்கும்.

மலிவான தட்டுக்கு நல்ல பெயர் எப்படி வந்தது என்பதற்கு, எந்தச் செலவில் கைவைத்தார்கள் என்று பார்த்தால் போதும். தட்டின் விலைக்குள் பல செலவுகள் அடக்கம். வாசிப்பவர்களின் சம்பளம், கூடத்தின் வாடகை, ஒலிப்பொறியாளர், நாடா ஒரு பக்கம். பள்ளம் வெட்டி, அச்செடுத்து, பிளாஸ்டிக்கில் அழுத்தும் ஆலைச் செலவு இன்னொரு பக்கம். அப்புறம் அட்டை உறை, விளம்பரம், கடைக்காரர் லாபம், புகழ்பெற்ற கலைஞருக்கு விற்பனையில் போகும் பங்கு. கடைசியில் சொன்ன நான்கில் எவ்வளவு குறைத்தாலும் காதுக்குத் தெரியாது. முதலில் சொன்னவற்றில் குறைத்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பெயர் வாங்கிய நிறுவனங்கள் காதுக்குத் தெரியாத செலவில் கைவைத்தவை. சில நிறுவனங்கள் இரண்டிலும் கைவைத்தன. அவற்றின் பெயர் பாதி நல்லதும் பாதி கெட்டதுமாகவே நின்றது. அதற்கு வாக்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஜார்ஜ் மெண்டல்சன் 1945-இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் வாக்ஸ். போருக்குப் பின் வியன்னாவில் உயர்ந்த இசைஞர்கள் இருந்தார்கள், வருமானம் இல்லை. அமெரிக்க டாலருக்கு அங்கே மதிப்பு அதிகம். நியூயார்க்கில் ஓர் இசைக்குழுவைச் சில மணி நேரம் அமர்த்தும் பணத்தில் அங்கே பல நாள் பதிவு செய்யலாம். வேறு நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருந்ததால் வியன்னா சிம்பனி போன்ற குழுக்கள் 'ப்ரோ மியூசிகா' என்ற மாற்றுப் பெயரில் வாசித்தன. யாஷா ஹோரன்ஸ்டைன் என்ற நடத்துநர் 1950-களின் தொடக்கத்தில் வாக்ஸுக்காகப் பதிந்த மாலர், புருக்னர் சிம்பனிகள், பெரிய நிறுவனங்கள் அந்தப் படைப்புகளைத் தொடத் தயங்கிய காலத்தில் வந்தவை. பிரெண்டல் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1960-களின் முதல் பாதி வரை பீத்தோவனின் பியானோ இசையைத் தொடர்ச்சியாக இந்த நிறுவனத்துக்கே வாசித்தார். பெயர் எடுக்காத இளைஞருக்குச் சம்பளம் குறைவு, வாசிப்பு குறைவில்லை. மூன்று தட்டுகளை ஒரே பெட்டியில் போட்டு மலிவாக விற்ற 'வாக்ஸ் பாக்ஸ்' மாணவர்கள் வாங்கக்கூடியதாக இருந்தது. ஒரு கலைஞரின் முழுத் தொகுப்பையும் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இந்தப் பெட்டிகளால் உருவானது.

நன்சச்சின் வழி வேறு. எலெக்ட்ரா நிறுவனத்தின் ஜாக் ஹோல்ஸ்மன் 1964-இல் இதைத் தொடங்கியபோது, நல்ல காகித அட்டைப் புத்தகம் என்ன விலையோ அதே விலைக்குத் தட்டு விற்க வேண்டும் என்று வைத்தார்: 2.50 டாலர். அன்று வழக்கமான எல்.பி. ஏறக்குறைய 5 டாலர். தொடக்கத்தில் அவர்கள் எதையும் பதிவு செய்யவில்லை. ஐரோப்பாவின் சிறு நிறுவனங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பரோக் கால இசையின் நாடாக்களை உரிமம் வாங்கி, அமெரிக்காவில் அச்சடித்தார்கள். கூடத்துக்கும் குழுவுக்கும் செலவே இல்லை. மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பகுதி இரண்டு இடங்களுக்குப் போனது: உறைக்குப் புதிதாக வரைந்த ஓவியம், பின்னட்டையில் அறிஞர் எழுதிய குறிப்பு. மலிவுத் தட்டை அலமாரியில் முகம் தெரிய வைக்க யாருக்கும் கூச்சம் வரவில்லை. 1965 முதல் டெரசா ஸ்டெர்ன் பொறுப்பில் இருந்தபோது நன்சச் சொந்தமாகவும் பதிவு செய்தது. பெரிய நிறுவனங்கள் எடுக்காத நவீன இசை, மின்னணு இசை, பிற நாட்டு இசை எல்லாம் அந்த விலையிலேயே வந்தன.

நம்மூருக்கு ஒட்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. அந்த நிறுவனத்தின் 'எக்ஸ்ப்ளோரர்' வரிசையில் 1960-களின் இறுதியில் ராம்நாட் கிருஷ்ணனின் கர்நாடக இசை வெளியானது. வயலினில் வி. தியாகராஜன், மிருதங்கத்தில் டி. ரங்கநாதன். அப்போது காரைக்குடியும் அதே ராமநாதபுரம் மாவட்டம்தான். விளம்பரம் இல்லை, நட்சத்திர அந்தஸ்து தேடவில்லை. 78 சுற்றுத் தட்டின் மூன்று நிமிடக் கத்தரிப்பு இல்லாமல், ராகத்துக்கு மூச்சு விட இடம் கொடுத்த பதிவு அது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் பலருக்குக் கர்நாடக இசை முதலில் கேட்டது இந்த மலிவு வரிசையில்தான். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படத்தொழிலுக்கு வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டு வியாபாரத்தில் இருந்தவர். தட்டு வியாபாரத்தின் வரவும் செலவும் இந்த ஊருக்குப் புதிதல்ல.

இனி ஆலைக்குள் போக வேண்டும். மலிவுத் தட்டு கெட்ட பெயர் வாங்கியது பெரும்பாலும் அங்கேதான்.

எல்.பி. செய்வது மின்முலாம் வேலை. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கிற ஊரில் இதை விளக்குவது எளிது. அலுமினிய வட்டத்தின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசி, அதில் பள்ளம் வெட்டுவார்கள். அதன்மேல் மெல்லிய வெள்ளிப் படலம் ஏற்றி, நிக்கல் தொட்டியில் இறக்கி, நிக்கல் படியவிட்டுப் பிரித்தால் தலைகீழ்ப் பிரதி கிடைக்கும். இதற்குத் 'தந்தை' என்று பெயர். அதிலிருந்து 'தாய்', தாயிலிருந்து தட்டை அழுத்தும் அச்சான ஸ்டாம்பர். ஸ்டாம்பர்கள் இரண்டுக்கு நடுவே சூடான வினைல் உருண்டையை வைத்து அழுத்தினால் தட்டு. ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். அங்கே கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் நிரப்பி, காயவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கிறார்கள். சூளையும் இல்லை, மெருகும் இல்லை. கல்லின் முகம் கண்ணாடியின் முகம். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் அடுத்தடுத்த கற்களிலும் அந்தக் கீறல் வரும். மண்ணும் மணலும் உள்ளூர்ச் சரக்கு, விலை குறைவு. ஆனால் கண்ணாடியைத் துடைப்பதில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் செய்வதில்லை.

மலிவுத் தட்டு ஆலைகள் அந்தக் கண்ணாடியில்தான் கஞ்சத்தனம் செய்தன. ஒரு ஸ்டாம்பரை ஆயிரம் தட்டு அளவில் அடித்ததும் மாற்றுவது நல்ல வழக்கம். மாற்றாமல் ஓட்டினால் பள்ளத்தின் ஓரம் மழுங்கி, உச்ச ஒலிகள் கரகரக்கும். அச்சு ஒரு தட்டை அழுத்தி, ஆறவிட்டு, வெளியே எடுக்க அரை நிமிடத்தை ஒட்டி ஆகும். அதில் சில விநாடி பிடுங்கினால் நாள் முடிவில் கூடுதல் தட்டுகள் கிடைக்கும், ஆனால் ஆறாத தட்டு வளையும். சூடு போதாவிட்டால் வினைல் பள்ளத்தின் அடிவரை ஓடாது. அந்த இடத்தில் சாதாரணப் பொரிச்சத்தம் வராது. துணி கிழிவதுபோல் ஒரு பக்க ஸ்பீக்கரில் சரசரக்கும். பழைய தட்டுகளை உடைத்து அரைத்துக் கலந்த வினைலில் லேபிள் காகிதத்தின் துணுக்கும் சேர்ந்துவிடும். முள் அதன்மேல் ஏறும்போது 'டப்' என்று ஒரு சத்தம். எத்தனை முறை கழுவினாலும் போகாது, ஏனென்றால் அழுக்கு மேலே இல்லை, உள்ளே இருக்கிறது.

இன்னொரு தவறு நீளத்தில். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 20 நிமிடம் வரை வசதியாகத் தாங்கும். 'ஒரு தட்டில் அதிக இசை' என்று காட்ட மலிவு நிறுவனங்கள் 30 நிமிடத்துக்கு மேலும் திணித்தன. அப்படித் திணித்தால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் ஒலி அளவையும் தாழ்சுரங்களையும் குறைத்து வெட்ட வேண்டும். கேட்பவர் ஒலியைக் கூட்டுவார், அதோடு தட்டின் இரைச்சலும் கூடும். போதாததற்குப் பக்கத்தின் முடிவு லேபிளுக்கு மிக அருகே போய்விடும். 33⅓ சுற்று வேகத்தில் வெளிவிளிம்பில் விநாடிக்கு 51 செ.மீ. பள்ளம் முள்ளைக் கடக்கிறது. உள்விளிம்பில் 21 செ.மீ. மட்டுமே. அதே சுரத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். சிம்பனியின் உச்சம் இறுதியில்தான் வரும், அதுவும் இந்தக் குறுகிய இடத்தில். எக்காளங்கள் உடைந்து கேட்பது இதனால்தான். வாசித்தவர் மேல் பிழை இல்லை.

மையத்துளையும் கவனிக்க வேண்டியது. துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் உள்பள்ளங்களில் சுருதி ஏறக்குறைய 0.8 சதவீதம் மேலும் கீழும் ஆடும், 1.8 விநாடிக்கு ஒருமுறை. வயலினில் அது கமகம்போல் மறைந்துவிடலாம். பியானோவின் நீண்ட சுரத்தில் மறையாது, வயிற்றைப் பிசையும்.

முழு விலைத் தட்டுகள் இதிலிருந்து எப்போதும் தப்பின என்று சொல்ல முடியாது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து வினைல் விலை ஏறியபோது பெரிய நிறுவனங்களும் மெல்லிய, வளைந்த தட்டுகளை விற்றன. அப்போதுதான் பலருக்கு உறைத்தது: இரண்டு மடங்கு பணம் கொடுத்தாலும் அதே பொரிச்சத்தம்தான் என்றால் மலிவானதை வாங்கினால் என்ன?

பெரிய நிறுவனங்களும் இதற்குள் களத்தில் இறங்கியிருந்தன. பழைய நாடாக்களை மறுபடி அச்சடிக்கத் தனிப் பெயர்கள்: அமெரிக்காவில் ஏஞ்சலின் 'செராஃபிம்', பிரிட்டனில் டெக்காவின் 'ஏஸ் ஆஃப் கிளப்ஸ்', 'எக்லிப்ஸ்'. பதிவுச் செலவு முன்பே வசூலாகிவிட்டதால் பாதி விலையிலும் லாபம். நாடா முதல் தரம். ஆனால் மோனோ பதிவுகளைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியது பெரும் தவறு. தாழ்சுரத்தை ஒரு பக்கமும் உச்சத்தை மறுபக்கமும் வடிகட்டி, கொஞ்சம் எதிரொலி சேர்த்துவிட்டார்கள். பியானோவின் இடது கை ஓர் அறையிலும் வலது கை இன்னோர் அறையிலும் கேட்கும். பிரிட்டனில் 1970-இல் வந்த 'கிளாசிக்ஸ் ஃபார் பிளஷர்' இதைச் சரியாகச் செய்தது: லண்டன் ஃபில்ஹார்மோனிக் போன்ற குழுக்களோடு புதிதாகப் பதிந்து, ஒரு பவுண்டுக்கும் குறைவாக விற்றது. செக்கோஸ்லோவாக்கியாவின் சுப்ரஃபோனும் சோவியத்தின் மெலோடியாவும் அரசு நிறுவனங்கள். அவற்றின் விலை சந்தை வைத்த விலை இல்லை. பியானோ கலைஞர் ரிக்டரும் வயலின் கலைஞர் ஓய்ஸ்த்ராக்கும் அந்த விலையில் கிடைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்புதான்.

சி.டி. வந்தது 1982-இல். மேலே சொன்ன ஆலைக் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே அடியில் ஒழிந்தன. விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். விலை என்னவானாலும் தட்டில் பதிவது அதே எண்கள். சொல்லப்போனால், 1988 முதல் 1993 வரை பிரிட்டனில் ஓர் ஆலை அடித்த சி.டி.கள் வெண்கல நிறமாகிக் கெட்டன. அவற்றில் பல முழு விலைத் தட்டுகள். இனி மலிவுத் தட்டை மட்டமாக்கக் காரணம் என்று மிஞ்சியது இரண்டுதான்: யார் வாசித்தார்கள், யார் பதிந்தார்கள்.

அந்த இடத்தில்தான் 1987-இல் நாக்ஸோஸ் நுழைந்தது. நிறுவியவர் கிளாஸ் ஹைமன், ஹாங்காங்கில் தொழில் செய்த ஜெர்மானியர். 1982-லேயே மார்கோ போலோ என்ற பெயரில் அபூர்வ இசையைப் பதிந்து பழகியவர், வயலின் கலைஞர் தகாகோ நிஷிசாகியின் கணவர். பிரட்டிஸ்லாவாவிலும் புடாபெஸ்டிலும் பதிவு செய்தார். அங்கே அரசுப் பள்ளிகளில் கடுமையாகப் பயின்ற இசைஞர்கள், குறைந்த சம்பளம், நல்ல கூடங்கள். வாக்ஸ் வியன்னாவில் கண்ட அதே கணக்கு, நாற்பது ஆண்டுக்குப் பின் இன்னும் கிழக்கே. பிரிட்டனில் முழு விலை சி.டி. 12 பவுண்டுக்கு மேல் போனபோது நாக்ஸோஸ் பல ஆண்டுகள் 4.99 பவுண்டு.

விலை மட்டும் இந்தப் பெயரை வாங்கித் தந்திருக்காது. மூன்று விதிகளை ஹைமன் விடாமல் பிடித்தார். ஒரு படைப்புக்கு ஒரே பதிவு. பெரிய நிறுவனங்கள் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியை ஆறேழு நடத்துநர்களை வைத்து எடுத்து அடுக்கியபோது, அந்தப் பணத்தில் அவர் தன் பட்டியலில் இல்லாத வேறு படைப்புகளை எடுத்தார். இரண்டாவது, பட்டியலில் ஏறியதை நீக்குவதில்லை. ஹைடனின் நால்வர் இசை (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) பாதி வாங்கியவர் மீதி கிடைக்காமல் தவிக்க வேண்டாம். கோடாய் குவார்டெட் வாசித்த முழு வரிசையும் தொடர்ந்து கிடைத்தது. மூன்றாவது, இசைஞருக்கு ஒரே தொகை, ராயல்டி இல்லை. கணக்கு எளிதாயிற்று, விலை இறங்கியது. ஆனால் ஹங்கேரியின் யெனோ யாண்டோ பீத்தோவன் சொனாட்டாக்களையும் மொசார்ட் கான்செர்டோக்களையும் ஹைடனையும் வாசித்து, அந்தத் தட்டுகள் உலகெங்கும் ஆண்டுக்கணக்கில் விற்றன. விற்பனை ஏறியதில் அவருக்குப் பங்கு வரவில்லை. கேட்பவர்களுக்குக் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி வாசித்தவர் கையிலிருந்து போனது. இதை மறைத்து நாக்ஸோஸைப் புகழ்வது சரியாகாது.

உறை வெள்ளை, நடுவே பழைய ஓவியம் ஒன்று. எல்லாத் தட்டுக்கும் அதே வடிவம். குறிப்புகளைப் பெரும்பாலும் கீத் ஆண்டர்சன் ஒருவரே எழுதினார்: ஆடம்பரம் இல்லாமல், பிழை இல்லாமல். தொடக்கத் தட்டுகள் எல்லாம் உயர்ந்தவை என்று சொல்ல மாட்டோம். சில சிம்பனிப் பதிவுகளில் வயலின் வரிசை மெலிந்து கேட்கும், கூடத்தின் எதிரொலி மூடிக்கொள்ளும். பெரிய குழுவுக்கு ஒத்திகை நேரம் தேவை. ஒரு 3 மணி நேர அமர்வில் பயன்படக்கூடிய இசை பொதுவாக 15, 20 நிமிடம்தான் தேறும். அதை மீறி வேகப்படுத்தினால் நுழைவுகள் பிசகும். நால்வர் குழுவும் தனிப் பியானோவும் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வரும். நாக்ஸோஸின் நல்ல பெயர் முதலில் சிறு குழுக்களுக்கான அறை இசையில் வந்ததற்குக் காரணம் இதுதான்.

1990-களில் பிரிட்டன், அயர்லாந்து, போலந்துக் குழுக்களோடு பதியத் தொடங்கியதும் விமர்சகர்கள் 'விலைக்கு நல்லது' என்ற அடைமொழியை விட்டுவிட்டார்கள். மகினி குவார்டெட்டுக்கு 2001-இல் கிராமஃபோன் இதழின் விருது. 2006-இல் அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் போல்கமின் பெரும் படைப்புக்கு கிராமி. வசிலி பெட்ரென்கோ லிவர்பூலில் நடத்திய ஷோஸ்டகோவிச் பத்தாம் சிம்பனிக்கு 2011-இல் கிராமஃபோன் விருது. மூன்றும் மலிவு லேபிள்.

இதே பாதையில் வந்த டச்சு நிறுவனமான பிரில்லியண்ட் கிளாசிக்ஸ், உரிமம் வாங்கிய பதிவுகளையும் சொந்தப் பதிவுகளையும் பெட்டிகளாக்கி மருந்துக்கடைச் சங்கிலி வழியாகக்கூட விற்றது. 2005-இல் மொசார்ட் முழுவதும் 170 சி.டி.யில். இன்னொரு பக்கம், இல்லாத நடத்துநர் பெயரும் இல்லாத குழுவின் பெயரும் போட்டு ஒரே பதிவைப் பத்து உறைகளில் விற்ற நிறுவனங்களும் இருந்தன. உறையில் பதிவான ஊர், ஆண்டு, கூடம், பொறியாளர் பெயர் எதுவும் இல்லையென்றால் அந்தத் தட்டை வைத்துவிடலாம். நல்ல மலிவு லேபிள்கள் இந்த நான்கில் இரண்டையாவது எழுதும்.

இனி கடையில் எல்.பி. கட்டைப் புரட்டுகிறவர்களுக்கு. தட்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு பரவாயில்லை. விரல் நுனியில் தட்டுப்படும் கீறல் நிமிடத்துக்கு 33 முறை 'டிக்' என்னும். தட்டைக் கண் மட்டத்தில் பிடித்து ஓரம் நேராக இருக்கிறதா பாருங்கள். மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்தவை அநேகமாக வளைந்திருக்கும். மையத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய தடங்கள் நிறைய இருந்தால் பலமுறை ஓடிய தட்டு. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவில் இரண்டு விரற்கடை வெற்றிடம் இருந்தால் உள்விளிம்புக் கோளாறு குறைவு. உறையில் 'செயற்கை ஸ்டீரியோ' என்ற பொருளில் எழுதியிருந்தால் விட்டுவிடலாம். வாங்கினால் ஆம்பிளிஃபயரை மோனோவில் வைத்துக் கேளுங்கள்.

வெள்ளைப் பூஞ்சை பிடித்த வினைலுக்கு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 100 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் இரண்டு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவமும் போதும். மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். போர்வெல் தண்ணீர் கூடாது, உப்பு பள்ளத்தில் படிந்துவிடும். 78 சுற்று அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் தட்டே கரையும். அதற்குத் தண்ணீரும் சோப்பும் மட்டும், அதுவும் லேபிள் நனையாமல். எல்.பி.க்கு முள்ளின் எடை ஒன்றரை முதல் இரண்டு கிராம். பழைய பெட்டி பிளேயரின் 5 கிராம் முள்ளில் நல்ல தட்டைப் போடாதீர்கள்.

கழுவியும் இரைச்சல் போகாத வாக்ஸ் தட்டு கையில் மாட்டினால் வருத்தப்பட வேண்டாம். 1970-களில் மார்க் ஓபோரும் ஜோவானா நிக்ரென்ஸும் வாக்ஸுக்காக மினசோட்டா, செயின்ட் லூயிஸ் குழுக்களைப் பதிந்த நாடாக்கள் மிக உயர்ந்தவை. மட்டமான வினைல்தான் அவற்றை மூடியிருந்தது. இன்று வாக்ஸ் நாக்ஸோஸின் கையில். அந்த நாடாக்களை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் மறுபடி எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்க்ரோவாசெவ்ஸ்கி நடத்திய ராவெல்லை அதில் கேட்டால், தட்டில் மணல் உதிர்வதுபோல் இருந்த மென்மையான தொடக்கங்களில் புல்லாங்குழலுக்கு முன் வாசிப்பவர் மூச்சு இழுப்பதுவரை கேட்கிறது.